கணினி இல்லாத வீட்டுக்கு இணையம்: குறைந்த செலவில் அமைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு இணையம் வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் விசாரிப்பது கருவியின் விலையைத்தான். கருவிக்கு ஒரு முறை பணம் கொடுக்கிறோம். டேட்டாவுக்கு மாதந்தோறும் கொடுக்கிறோம். கையிலிருக்கும் தொகை முழுவதையும் ஒரு மலிவான மடிக்கணினியில் போட்டுவிட்டுப் பிறகு ரீசார்ஜ் செய்ய வழியில்லாமல் அதை மூடி வைப்பதில் பயனில்லை. ஆகவே இந்த வழிகாட்டி இணைப்புக்கு முதலிடமும், தட்டச்சு செய்ய ஒரு விசைப்பலகைக்கு இரண்டாமிடமும் தருகிறது. திரை கடைசியில்தான் வருகிறது, ஏனெனில் கைபேசியாகவோ தொலைக்காட்சியாகவோ அது பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

கணினி இல்லாமல் இணையம் என்பது புதிய எண்ணமன்று. 1996-இல் வெப்டிவி என்ற பெயரில் தொலைக்காட்சியுடன் இணைக்கும் சிறு பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியது. சேவை 2013 வரை நடந்தது. அன்று அதற்கெனத் தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பெட்டி செய்த வேலைகளையும் அதற்கு மேலும் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் செய்துவிடுகிறது.

படி 1: என்ன வேலைக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் யார் இணையத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பிள்ளைகளின் வகுப்பு, விண்ணப்பப் படிவம், வெளியூரில் இருப்பவர்களுடன் வீடியோ அழைப்பு, வங்கிக் கணக்கு, செய்தி, பொழுதுபோக்கு என்று பட்டியல் நீளும். ஆனால் தேவைகள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். பார்ப்பதும் படிப்பதும் ஒரு வகை. பேசுவது இன்னொரு வகை. எழுதுவதும் நிரப்புவதும் அனுப்புவதும் மூன்றாம் வகை. முதல் இரண்டுக்கும் கைபேசி தாராளமாகப் போதும். மூன்றாவதில்தான் கணினி இல்லாத குறை தெரியும். அதை எப்படி ஈடுகட்டுவது என்பதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

அடுத்து, அந்த வேலைகளுக்கு எவ்வளவு டேட்டா ஆகும் என்று கணக்கிடுங்கள். இதற்கு ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும்: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து டேட்டா ஓடினால் 450 மெகாபைட் செலவாகும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். மணிக்கு 3,600 நொடி. 3,600-ஐ எட்டால் வகுத்தால் 450. சுமாரான தரத்தில் ஓடும் வீடியோ 1 முதல் 1.5 மெகாபிட் வரை எடுக்கும். ஆகவே மணிக்கு அரை ஜிபியிலிருந்து முக்கால் ஜிபிக்குள் முடியும். முழு எச்டி வீடியோ 5 மெகாபிட் எடுத்தால் அதே ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜிபி போய்விடும். வீடியோ அழைப்பில் போவதும் வருவதும் இரண்டு கணக்கு என்பதை மறக்கக் கூடாது: இரு பக்கமும் 1 மெகாபிட் என்றால் மணிக்கு 900 மெகாபைட். எழுத்தும் மின்னஞ்சலும் இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. வீட்டின் டேட்டாச் செலவு என்பது ஏறக்குறைய முழுக்க வீடியோச் செலவுதான்.

படி 2: வீட்டில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ என்று எழுதிய, தட்டையாகச் சற்றே சரிந்த விளிம்புகள் கொண்ட துளை இருந்தால் அந்தத் தொலைக்காட்சி பெரிய திரையாகப் பயன்படும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டுமே உள்ள பழைய பெட்டி என்றால் இடையில் ஒரு மாற்றி போட்டு இணைக்கலாம். படம் பார்க்க அது உதவும். எழுத்துப் படிக்க உதவாது. அந்த மஞ்சள் துளை வழியே சில நூறு கோடுகள் கொண்ட படமே போக முடியும் என்பதால் இணையப் பக்கத்தின் சிறு எழுத்துகள் கலங்கிவிடும். மாற்றி வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசியையும் எடுங்கள். திரையில் கீறல் விழுந்ததாலோ பேட்டரி சீக்கிரம் இறங்குவதாலோ ஓரங்கட்டப்பட்ட கைபேசி, சார்ஜரில் செருகியபடியே வீட்டு ஹாட்ஸ்பாட்டாகவோ (தன் டேட்டாவை மற்றக் கருவிகளுக்கு வைஃபையாகப் பகிரும் கருவி) பிள்ளைகளின் வகுப்புத் திரையாகவோ வேலை செய்யும். பேட்டரி உப்பி, பின்பக்க மூடி எழும்பியிருந்தால் மட்டும் அதைத் தொடவே வேண்டாம். சார்ஜ் போட்டுப் பார்ப்பதும் ஆபத்து.

படி 3: இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்

எந்த நிறுவனத்தின் திட்டம் மலிவு என்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் வருகிறது என்று பாருங்கள். திரையின் மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அவற்றை எத்தனை காட்டுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்ற வழியில் போனால் டிபிஎம் என்ற அலகில் ஓர் எதிர்மறை எண் தெரியும். 4ஜி இணைப்பில் அது மைனஸ் 90-க்கு மேலே, அதாவது மைனஸ் 85, மைனஸ் 80 என்று இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110-க்குக் கீழே போனால் வீடியோ அழைப்பு அறுந்து அறுந்து வரும். பத்து எண் குறைந்தால் சிக்னலின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு. நடுவறையில் நின்று ஒரு முறையும், ஒவ்வொரு சன்னலோரத்திலும் ஒரு முறையும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தவரிடம் வேறு நிறுவனத்தின் சிம் இருந்தால் அவர்களுடைய கைபேசியிலும் பாருங்கள். கால் மணி நேர வேலைதான். தவறான சிம்முக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கட்டுவதை இது தவிர்க்கும்.

பிறகு நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

மிகக் குறைந்த செலவில் முடிவது கைபேசி ஹாட்ஸ்பாட். ஒரே ஒரு திட்டத்துக்குப் பணம் கட்டி, அந்த டேட்டாவை மற்றக் கருவிகளுக்கு வைஃபையாகப் பகிரலாம். திட்டத்தின் விதிகளில் ஹாட்ஸ்பாட் பகிர்வுக்குத் தடையோ தனி வரம்போ இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கைபேசியின் உரிமையாளர் வெளியே போனால் வீட்டு இணையமும் அவருடன் போய்விடும் என்பதே இதன் பெருங்குறை. மேலே சொன்ன பழைய கைபேசியில் ஒரு சிம்மைப் போட்டு, சிக்னல் நன்றாக இருந்த சன்னலோரத்திலேயே நிரந்தரமாக வைத்துவிட்டால் அந்தக் குறை தீரும். வெயில் நேராகப் படும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது. ஹாட்ஸ்பாட் ஓடும் கைபேசி தானாகவே சூடாகும்.

இரண்டாவது, சிம் போடும் ரவுட்டர் அல்லது உள்ளங்கையில் அடங்கும் ஹாட்ஸ்பாட் கருவி. மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வீட்டுக்கு இது பொருந்தும். வாங்கும்போது இரண்டு செய்திகளைப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்ட கருவி மலிவாகக் கிடைக்கும்; பின்னாளில் நிறுவனத்தை மாற்ற நினைத்தால் கருவியையும் மாற்ற வேண்டும். மேலும், உங்கள் பகுதியில் பயன்படும் அலைவரிசைகளை அந்தக் கருவி ஏற்க வேண்டும். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த அலைவரிசைகள் சுவரைத் துளைத்து உள்ளே வரக்கூடியவை. வேறு நாட்டுக்காகத் தயாரான கருவியில் அவை விடுபட்டிருந்தால், கைபேசிக்குக் கிடைக்கும் சிக்னல் ரவுட்டருக்குக் கிடைக்காது.

மூன்றாவது, கம்பி வழியோ கண்ணாடி இழை வழியோ வரும் நிலையான இணைப்பு. தினமும் பல மணி நேரம் வீடியோ ஓடும் வீட்டில் ஒரு ஜிபிக்கான செலவு பெரும்பாலும் இதில்தான் குறைவு. ஆனால் நிறுவும் கட்டணம், முன்பணம், ரவுட்டர் வாடகை, குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை மாதக் கட்டணத்துடன் சேர்த்துக் கூட்டி, ஓர் ஆண்டுக்கான மொத்தச் செலவாக ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் சில மாதங்களின் கட்டணமாக இருக்கலாம்.

நான்காவது, பக்கத்து வீட்டுடன் பகிர்வது. இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் இருக்கலாம். ஒப்பந்த விதி அனுமதித்து, இரு வீட்டாருக்கும் ஒத்துப்போனால் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை. இணைப்பைத் தருகிற வீட்டார் தம் ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபையை இயக்கி, அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுக்க வேண்டும். அந்த இணைப்பில் நடப்பதெல்லாம் அவர்கள் பெயரில்தான் பதிவாகும் என்பதை இரு தரப்பும் தெரிந்திருப்பது நல்லது.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 'வரம்பில்லாத டேட்டா' என்ற சொல்லுக்குக் கீழே உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும் என்று அங்கே இருக்கும். நொடிக்கு 64 கிலோபிட்டுக்குக் குறைப்பதாக எழுதியிருந்தால், 1 எம்பி இறங்க 125 நொடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகும். ஒரு சாதாரண இணையப் பக்கமே இன்று பல எம்பி இருக்கிறது. அந்த வேகத்தில் எழுத்துச் செய்தி போகும், வேறெதுவும் போகாது. அதை இணையம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: கருவி வாங்க வேண்டியிருந்தால்

வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன்கூட இல்லை என்றால் முதலில் வாங்க வேண்டியது அதுதான். பொத்தான் வைத்த இணையக் கைபேசிகள் இன்னும் மலிவு. 2017-இல் வந்த காய்ஓஎஸ் என்ற இயங்குதளம் அவற்றுள் பலவற்றில் இருக்கிறது. ஆனால் அந்தத் தளத்தில் புதிதாக வாட்ஸ்அப் நிறுவுவது 2024-இல் நின்றுவிட்டது, வேறு செயலிகளும் மிகக் குறைவு. பேசவும் ஒரு தகவலைத் தேடிப் பார்க்கவும் போதும் என்கிறவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கலாம்.

பழைய கைபேசி வாங்குவது நல்ல சிக்கனம்தான். சில ஆண்டுகளுக்கு முன் விலை உயர்ந்த மாடலாக இருந்தது, இன்றைய புதிய மலிவு மாடலைவிடப் பல வகையில் மேலானது. அடுத்த படியில் வரும் திரை இணைப்பு வசதி பெரும்பாலும் அத்தகைய மாடல்களில்தான் உண்டு. வாங்கும் முன் விற்பவர் எதிரிலேயே செய்ய வேண்டிய சோதனைகள் சில. *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ தெரியும். அது பெட்டியிலோ ரசீதிலோ உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பிறகு கைபேசியை முழுமையாக ரீசெட் செய்து, மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். தொடங்கும்போது முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டால், அந்தப் பூட்டு அவிழ்க்கப்படாதவரை கைபேசி உங்களுக்குப் பயன்படாது. அதே இடத்தில் அவர் தம் கணக்கை நீக்கித் தந்தால் வாங்கலாம். பிறகு செய்து தருவதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு பதிப்பையும் பாருங்கள். குரோம் உலாவி 2025-இல் ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழான பதிப்புகளுக்குப் புதுப்பிப்பை நிறுத்திக்கொண்டது. வங்கிச் செயலிகளும் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புகளைக் கைவிடுகின்றன. பல நாடுகளில் 3ஜி சேவை மூடப்பட்டுவிட்டதால் 4ஜியும், அதன் வழியே குரல் அழைப்புப் போகும் வோல்ட்இ வசதியும் இருந்தாக வேண்டும். ரேம், அதாவது ஓடும் செயலிகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், 4 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஏன் என்பது படிவம் நிரப்பும் படியில் தெரியும்.

தொலைக்காட்சியில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சிகளும் பெட்டிகளும் வீடியோவுக்கு ஏற்றவை. உலாவலுக்கும் எழுதுவதற்கும் அவ்வளவாகப் பொருந்தாதவை. இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். பெயர் தெரியாத தயாரிப்பாளர்களின் மிக மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயோ முதல் முறை இயக்கும்போதோ தீங்கு மென்பொருள் புகுத்தப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பேட்பாக்ஸ் எனப்படும் இந்த மோசடியைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. அப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டு இணைப்பைக் குற்றவாளிகள் தம் போக்குவரத்துக்குப் பயன்படுத்த வாசல் திறந்துவிடுகிறது. கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று இல்லாத பெட்டியையும், எல்லாக் கட்டணச் சேனல்களும் இலவசம் என்று சொல்லி விற்கப்படும் பெட்டியையும் வாங்காதீர்கள்.

விளையாட்டுக் கருவி வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி: பிளேஸ்டேஷன் 4-இல் உலாவி இருக்கிறது; எக்ஸ்பாக்ஸ் ஒன், அதற்குப் பின் வந்த எக்ஸ்பாக்ஸ் கருவிகளில் எட்ஜ் உலாவி யூஎஸ்பி விசைப்பலகை, மவுஸ் இரண்டையும் ஏற்கிறது. இருப்பதைப் பயன்படுத்தலாம், இதற்காக வாங்க வேண்டாம்.

படி 5: விசைப்பலகையும் பெரிய திரையும்

கணினி இல்லாத வீட்டில் வாங்க வேண்டிய ஒரே உபரிப் பொருள் என்று கேட்டால் என் பதில் விசைப்பலகை. கண்ணாடியின் மேல் விரலால் இரண்டு பக்கக் கட்டுரை எழுதிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புளூடூத் விசைப்பலகை என்றால் அதன் இணைப்புப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, விளக்கு மினுக்கத் தொடங்கியதும் கைபேசியின் புளூடூத் பட்டியலில் அதன் பெயரைத் தொட வேண்டும். சில மாடல்களில் கைபேசி காட்டும் எண்களை விசைப்பலகையிலேயே அடித்து என்டர் தட்ட வேண்டும். இன்னும் மலிவான வழி, சாதாரணக் கணினி விசைப்பலகையை ஓடிஜி எனப்படும் சிறு இணைப்பி வழியே கைபேசியில் செருகுவது. செருகிய உடனே வேலை செய்யும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. மவுஸையும் இப்படியே சேர்க்கலாம். திரையில் அம்புக்குறி தோன்றும். தமிழில் எழுத விசைப்பலகை கைகொடுக்காவிட்டால், கூகுளின் ஜிபோர்டில் 2017 முதல் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது. பேசி எழுத வைத்து, பிழைகளை விசைப்பலகையால் திருத்துவது பலருக்கு விரைவான வழி.

கைபேசியைத் தொலைக்காட்சியில் காட்ட, கம்பி வழி ஒன்று, கம்பியில்லா வழி ஒன்று. கம்பி வழிக்கு யூஎஸ்பி-சி துளை வீடியோவை வெளியே அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். துளையின் வடிவம் ஒன்றாக இருப்பதாலேயே எல்லாம் அனுப்பிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது, யூஎஸ்பி 2.0 மட்டும் உள்ள மலிவு கைபேசிகளில் பொதுவாக இந்த வசதி கிடையாது. மாடலின் பெயருடன், வீடியோவை வெளியே அனுப்பும் வசதியைக் குறிக்கும் 'டிஸ்பிளேபோர்ட்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடிவிட்டு அதன் பிறகு கம்பி வாங்குங்கள். ஐபோன்களில் 2023-இல் வந்த 15-ஆம் வரிசையிலிருந்து இது உண்டு. சாம்சங்கின் உயர் மாடல்களில் 2017 முதல் டெக்ஸ் என்ற வசதி இருக்கிறது: தொலைக்காட்சியில் செருகியதும் சன்னல்களும் கீழ்ப்பட்டையும் கொண்ட, கணினி போன்ற திரையே விரிகிறது. விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்துவிட்டால், எழுத்து வேலைக்குக் கணினி இல்லை என்ற எண்ணமே வராது.

கம்பியில்லா வழி கொஞ்சம் தாமதத்துடன் இயங்கும். மிராகாஸ்ட் என்ற தரம் 2012 முதல் இருந்தாலும் எல்லாக் கைபேசிகளும் அதை ஏற்பதில்லை. ஐபோன்கள் ஏர்பிளே வழியைப் பயன்படுத்துகின்றன. வீடியோ பார்க்கத் தாமதம் பொருட்டில்லை. தட்டச்சு செய்யும்போது எழுத்து பிந்தி வருவது எரிச்சலூட்டும்.

படி 6: படிவம், ஸ்கேன், அச்சு

கைபேசியில் இணையப் படிவம் நிரப்பிய பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்: எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாகிவிட்டது, ஓடிபி வந்திருக்கிறது, அதைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் புதிதாகத் திறந்து கட்டங்கள் காலியாக நிற்கின்றன. குற்றம் படிவத்தின் மீது மட்டும் அல்ல. ரேம் குறைவான கைபேசி, நீங்கள் வேறு செயலிக்குப் போன கணமே உலாவியின் பக்கத்தை நினைவிலிருந்து இறக்கிவிடுகிறது. ஆகவே தொடங்கும் முன் மற்றச் செயலிகளை மூடுங்கள். ஓடிபி வந்ததும் மேலிருந்து இறங்கும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள், குறுஞ்செய்திச் செயலியைத் திறக்க வேண்டாம். நீளமான விடைகளை முதலில் குறிப்புச் செயலியில் எழுதி வைத்துப் பிறகு ஒட்டுங்கள். பொத்தான்கள் தெரியாமல் பக்கம் குழம்பி நின்றால் உலாவியின் மூன்று புள்ளிப் பட்டியலில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதை இயக்கிப் பார்க்கலாம்.

படம் ஏற்றும் இடம் அடுத்த முட்டுக்கட்டை. கைபேசி எடுக்கும் படம் 3, 4 எம்பி இருக்கும். படிவமோ 200 கேபிக்குள் கேட்கும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே சாதாரணத் தரத்தில் அனுப்பிச் சேமித்தால் அது சில நூறு கேபிக்குச் சுருங்கிவிடும். இன்னும் குறைய வேண்டுமென்றால் ஓரங்களை வெட்டிவிட்டு மீண்டும் ஒரு முறை அனுப்புங்கள். ஐபோனில் எடுத்த படத்தைப் படிவம் ஏற்கவே மறுத்தால் காரணம் பெரும்பாலும் கோப்பின் வகைதான்: 2017 முதல் ஐபோன்கள் படங்களை எச்இஐசி என்ற வகையில் சேமிக்கின்றன. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டு எடுத்தால் ஜேபெக் படமாகக் கிடைக்கும்.

சான்றிதழை ஸ்கேன் செய்யத் தனிச் செயலி வேண்டாம். கூகுள் டிரைவ் செயலியிலும் ஐபோனின் நோட்ஸ் செயலியிலும் ஸ்கேன் வசதி இருக்கிறது. தாளின் ஓரத்தைத் தானாகக் கண்டறிந்து பிடிஎஃப்பாக்கித் தரும். நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில், தாளின் நிறத்துக்கு மாறான தரையில் வைத்து எடுப்பது நல்லது. இலவச ஸ்கேனர் என்று விளம்பரத்தில் வரும் செயலிகளுக்கு உங்கள் அடையாள ஆவணங்களைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அச்சுக்கு, பிடிஎஃப்பைக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடலாம். கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சல் கணக்கைத் திறப்பதைத் தவிர்க்க முடியும் என்பதே இதில் உள்ள லாபம்.

படி 7: ஒரே கைபேசியைப் பலர் பயன்படுத்தும்போது

ஒரே கைபேசியில் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் இருப்பதுதான் கணினி இல்லாத வீட்டின் உண்மையான ஆபத்து. ஆண்ட்ராய்டில் பல பயனர்களை உருவாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் சில தயாரிப்பாளர்கள் அதை நீக்கிவிடுகிறார்கள். உங்கள் செட்டிங்ஸில் 'மல்டிபிள் யூசர்ஸ்' இருந்தால் பிள்ளைகளுக்குத் தனிப் பயனரை அமையுங்கள். இல்லாவிட்டால் வங்கிச் செயலிக்குத் திரைப்பூட்டிலிருந்து வேறான எண் வைப்பதும், பிள்ளைகளுக்கு வேறொரு உலாவியை ஒதுக்குவதும் ஓரளவுக்கு ஈடுகட்டும். சிம்முக்கும் பின் எண் போட்டுவிடுங்கள்: தொலைந்த கைபேசியிலிருந்து சிம்மைக் கழற்றி வேறொன்றில் போட்டு ஓடிபி வாங்குவதை அது தடுக்கும்.

கைபேசி தொலைந்தால் எல்லாமே தொலையும் என்ற நிலை வரக் கூடாது. கைபேசி இல்லாமலும் கணக்கைத் திறக்க உதவும், மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி, மற்ற ஆவணங்களோடு வையுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி, ஐகிளவுடில் 5 ஜிபி இலவச இடம் உண்டு. படங்கள் அனைத்தும் அதில் அடங்காவிட்டாலும் சான்றிதழ்களின் பிடிஎஃப்கள் கட்டாயம் அடங்கும்.

ரவுட்டர் வைத்திருந்தால், அதன் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும், கடவுச்சொல் அடிக்காமல் ஒரு பொத்தானாலோ சிறு எண்ணாலோ இணையவிடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். வைஃபை அலைவரிசையில் தூரத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், அருகில் இருப்பதற்கு 5 கிகாஹெர்ட்ஸ்.

நூலகம் போன்ற பொது இடங்களின் கணினியைப் பயன்படுத்த நேர்ந்தால் உலாவியின் தனிப்பட்ட சன்னலில் (இன்காக்னிட்டோ) வேலை செய்து, வெளியேறிவிட்டு, தரவிறக்கிய கோப்புகளை அழித்துவிட்டு எழுந்திருங்கள். வங்கி வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 8: முதல் மாதக் கணக்கு

முதல் மாத முடிவில் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று வரிசையாகத் தெரியும். ஹாட்ஸ்பாட் வழியே போனது தனி வரியாக இருக்கும். முதலிடத்தில் ஒரு வீடியோச் செயலி இருப்பது ஏறக்குறைய உறுதி. அதில் படத்தின் தரத்தை 480 என்ற சுமாரான அளவுக்குக் குறைத்து, தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்தினாலே பெரும் பகுதி மிச்சமாகும். கைபேசியின் சிறிய திரையில் வித்தியாசமும் அவ்வளவாகத் தெரியாது. செயலிப் புதுப்பிப்பு, படங்களின் காப்புப் பிரதி ஆகியவற்றை வைஃபையில் மட்டும் நடக்கும்படி மாற்றுங்கள். ஆனால் உங்கள் வீட்டு வைஃபையே ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட் என்றால், மற்றக் கருவிகள் அதை வரம்பற்ற இணைப்பு என்று எண்ணிக்கொண்டு இஷ்டத்துக்கு இறக்கக்கூடும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு 'மீட்டர்டு' (அளவுள்ள இணைப்பு) என்றும், ஐபோனில் அதே இடத்தில் 'லோ டேட்டா மோட்' என்றும் குறித்துவிட்டால் அது நிற்கும்.

ஓபரா மினி போன்ற உலாவிகள் பக்கங்களைத் தம் சர்வரிலேயே சுருக்கி அனுப்பி டேட்டாவை வெகுவாக மிச்சப்படுத்துகின்றன. அதிகபட்சச் சுருக்கத்தில் பக்கம் அந்தச் சர்வரில் பிரிக்கப்பட்டே வருகிறது என்பதால் செய்தி படிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் கேட்கும் தளங்களுக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குக் கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி ஒன்றைக் காட்டலாம். விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரே கோப்பாக இறக்கி, இணைப்பே இல்லாமல் படிக்க அது உதவுகிறது. இலவச வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு முறை இறக்கிக்கொண்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாதம் முடியுமுன் டேட்டா தீர்கிறது என்றால், கூடுதல் டேட்டாவுக்குக் கொடுத்த தொகையை மூன்று மாதம் எழுதி வையுங்கள். மாதத் திட்டமும் அந்தக் கூடுதல் தொகையும் சேர்ந்து, படி 3-இல் போட்ட ஆண்டுக் கணக்கின் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் நிலையான இணைப்புக்கு மாறுங்கள். தாண்டாவிட்டால் சன்னலோரக் கைபேசியே தொடரட்டும்.